எங்கள் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை

வந்தாறுமூலைச் சந்தியில் தேநீர்க்கடை வாங்கில் இருந்துகொண்டு சட்டத்தை ஏசுபவர்கள் அதிகம். "ஏழைக்கு ஏது சட்டம்" என்பார் ஒருவர். "கோட்டுப் படி ஏறினவன் உருப்பட்டதில்ல" என்பார் மற்றவர். நான் அந்தக் கட்சியில் இல்லை. இலங்கைச் சட்டத்தை ஆறுதலாக இருந்து படித்தால் அதைக் குறைசொல்ல மனம் வராது. ஒரு சாதாரண மனிதனுக்கு அரசாங்கத்தின் கையால் என்னென்ன தீங்கு வரலாம் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொரு தீங்குக்கும் ஒரு பரிகாரம் எழுதிவைத்த சட்டம் அது. ஆளைப் பிடிக்கும்போது என்ன சொல்ல வேண்டும், பிடித்தபின் எத்தனை மணித்தியாலத்தில் யாரிடம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் உறவினர் எந்த மன்றத்துக்குப் போகலாம், போகக் காசில்லாவிட்டால் யார் துணைக்கு வருவார், மன்றத்தின் மொழி விளங்காவிட்டால் யார் விளக்குவார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்துக்கு ஒரு புகழுரை. இதில் வரும் ஒவ்வொரு புகழ்ச்சியும் உண்மை. சட்டப் புத்தகத்தைத் திறந்து எவரும் சரிபார்க்கலாம். புகழை அளந்துபார்க்க ஒரு நாளும் ஓர் இடமும் வேண்டும். நாள், 1990 செப்டெம்பர் 5. இடம், எங்கள் ஊரின் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம்.

முதலில் கைது பற்றிய சட்டத்தைப் போற்றுகிறேன். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை மூன்று காரியம் சொல்கிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவரையும் கைதுசெய்யக் கூடாது. கைதுசெய்தால் காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். கிட்டிய நீதிமன்றத்தின் நீதிபதி முன்னால் அவரைக் கொண்டுபோக வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதற்குக் காலமும் குறித்தது: பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலம். தூரத்துக் கிராமத்தில் ஆளைப் பிடித்தவர் வழியில் சுணங்கலாம் என்பதைக்கூட யோசித்து எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு கவனம்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினோரு ஆண்டு கழித்து எங்கள் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமான இடம் அது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதும், படிப்பிடம் என்றால் பாதுகாப்பு என்று நம்பிச் சுற்றுவட்டாரக் கிராமத்துச் சனம் உள்ளே வந்து ஒதுங்கியது. பல்லாயிரம் பேர். செப்டெம்பர் 5 அன்று இராணுவம் வந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வயதுவாரியாக வரிசையில் நிற்கச் சொன்னார்கள். முகத்தை மூடிய தலையாட்டிகளுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மறுபக்கம். அப்படிப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனவர்கள் 158 பேர். தாய்மாரும் மனைவிமாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வந்தாறுமூலையிலிருந்து மட்டக்களப்பு நகரம் பதினாறு கிலோமீற்றர். திருகோணமலை வீதியில் கொம்மாதுறை, செங்கலடி, ஏறாவூர் என்று நேராகப் போனால் நீதிமன்றம். வாகனம் வேண்டாம், நடத்திக் கொண்டுபோயிருந்தாலும் அன்று மாலைக்குள் நீதவான் முன்னால் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பதினாறு கிலோமீற்றரை அந்த 158 பேரும் இன்றுவரை கடக்கவில்லை.

அப்போது அவசரகாலச் சட்டம் இருந்தது, பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது, 24 மணித்தியாலக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். சரி, அந்தச் சட்டத்தையும் எடுத்துப் பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடாக வந்து இன்றும் எங்களோடு இருப்பது. அன்றிருந்த வடிவில் அது ஒருவரை 18 மாதம்வரை வழக்கில்லாமல் அடைத்துவைக்க இடங்கொடுத்தது. ஆனால் அதற்கும் அமைச்சரின் கட்டளை வேண்டும். ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் நீட்ட முடியாது. இந்த நாட்டின் மிகக் கொடிய சட்டம் என்று நாங்கள் ஏசுகிற அந்தச் சட்டம்கூட ஆளை அடைத்துவைக்கத்தான் அனுமதித்தது, இல்லாமலாக்க அனுமதிக்கவில்லை. அந்தச் சட்டம் கேட்கிற கட்டளைத் தாள்கூட வந்தாறுமூலைக் குடும்பம் எதன் கைக்கும் வந்து சேரவில்லை. அப்படிப் பெருந்தொகையானவர்களை நாங்கள் பிடிக்கவில்லை என்பதே அரச தரப்பின் பதிலாக இருந்தது. ஆகவே கொடிய சட்டத்தையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதைக்கூட மதிக்காதவர்கள்தான் குற்றவாளிகள்.

இரண்டாவதாக ஆட்கொணர்வு மனுவைப் போற்றுகிறேன். மனிதர் கண்டுபிடித்த சட்டப் பரிகாரங்களில் இதைவிடச் சுருக்கமானது, இதைவிட நியாயமானது வேறில்லை. ஆளைப் பிடித்துவைத்திருப்பவனைப் பார்த்து நீதிபதி, "அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து, ஏன் பிடித்தாய் என்று சொல்" என்று இடுகிற கட்டளை அது. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை இந்த அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. கொழும்புக்குப் போக முடியாதவர்களுக்காக 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அதைத் தந்தது. பிடிபட்டவர் வர வேண்டியதில்லை. அவருக்காக இன்னொருவர் மனுப் போடலாம். தாய் போடலாம், மனைவி போடலாம். உண்மையை விசாரித்து அறிக்கை தரும்படி உள்ளூர் நீதவானிடம் பாரப்படுத்தவும் மேல் மன்றத்தால் முடியும். இவ்வளவும் 1990 செப்டெம்பரில் புத்தகத்தில் இருந்தன.

மனுப் போடுவதற்கு என்ன வேண்டும்? ஒரு சட்டத்தரணி வேண்டும். சத்தியக் கடதாசி வேண்டும். எந்த முகாம், எந்த அதிகாரி என்று எதிர்மனுதாரரைக் குறிப்பிட வேண்டும். மகனைக் கொண்டுபோனவர்களுடைய முகாமின் வாசலைத் தாண்டி, அவர்களுடைய சோதனைச் சாவடியைத் தாண்டி, அவர்களுடைய பெயரை எழுதிய மனுவோடு ஒரு தாய் பட்டணத்துக்குப் போக வேண்டும். நான்கு நாள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, அதே வீதியில் சத்துருக்கொண்டானிலும் அண்டைக் கிராமங்களிலும் குழந்தைகளும் கிழவர்களுமாக 184 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதம் முந்தி, ஓகஸ்டில், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் சனத்தைப் புலிகள் சுட்டும் வெட்டியும் கொன்றிருந்தார்கள். அந்தத் தாய்மாரும் நீதிமன்ற வாசலைக் காணவில்லை. துப்பாக்கி வைத்திருந்த ஒருவரும் சட்டத்துக்குப் பயப்படாத காலத்தில், சட்டத்தை நம்பிப் போக வேண்டிய பொறுப்பு மட்டும் துப்பாக்கி இல்லாதவர்களின் தலையில் இருந்தது. பாதையைத் திறந்துவைத்தது சட்டம். அதை மறித்து நின்றவர்கள் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கியவர்கள்.

மூன்றாவது, அடிப்படை உரிமை மனு. உயர் நீதிமன்றத்துக்கே நேரடியாகப் போகலாம் என்கிறது 126ஆம் உறுப்புரை. நாட்டின் அதியுயர்ந்த மன்றத்தில் முதல் படியிலேயே காலை வைக்க ஒரு கூலித் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. உரிமை மீறப்பட்டவரே வரலாம், அல்லது அவருடைய சட்டத்தரணி வரலாம். கெடு ஒரு மாதம்.

1990 ஒக்டோபர் 5ஆம் திகதி அந்த ஒரு மாதம் முடிந்தது. மகன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று முகாம் முகாமாகத் தாய்மார் அலைந்துகொண்டிருந்த மாதம் அது. உரிமை மீறப்பட்டவரே வர வேண்டும் என்றால், காணாமற்போனவர் எப்படி வருவார்? அவருடைய சட்டத்தரணிக்கு அவர் எங்கிருந்து கையொப்பம் வைப்பார்? இந்தக் கேள்விக்கும் சட்டம் பதில் கண்டது. காவலில் இறந்த ஒருவரின் மனைவி அவருக்காக வழக்காடலாம் என்று சிறியாணி சில்வா வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆண்டு 2003. கெடு ஓடாமல் நிறுத்திவைக்கவும் ஒரு வழி பிறந்தது: ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. அந்தச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம். மருந்து நல்ல மருந்து. வந்தாறுமூலைக்கு வந்து சேரும்போது ஆறு ஆண்டும் பதின்மூன்று ஆண்டும் போயிருந்தன.

அலுவலகங்களையும் புகழ வேண்டும். அவை எழுதிவைப்பதில் மன்னர்கள். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சொப்பிங் பை இருக்கும். பை கிழிந்தால் மாற்றுவார்கள், உள்ளே இருப்பதை மாற்ற மாட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் பதிந்த துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழு தந்த இலக்கம், 1994இல் வந்த ஆணைக்குழுவின் அழைப்பு, 1998இல் வந்ததன் அழைப்பு, 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த காணாமற்போனோர் அலுவலகத்தின் படிவம். எல்லாவற்றுக்கும் அடியில் பாடசாலைக் காலத்துப் படம் ஒன்று. பெருப்பித்துப் பெருப்பித்து மூக்கும் வாயும் கலங்கிப்போன படம். ஒவ்வொரு அலுவலகமும் அதே பத்துக் கேள்வியைக் கேட்டது. ஒவ்வொன்றும் புது இலக்கம் தந்தது.

ஒரு மேசையில் நடந்த பேச்சு இது. "அம்மா, மகன்ட அடையாள அட்டை கொப்பி வேணும்" என்றார் இளம் உத்தியோகத்தர். நல்ல பிள்ளை, கதிரை போட்டு இருத்தித்தான் கேட்டார். "அது அவன்ட சேட்டுப் பொக்கற்றுல போயிற்று மனே" என்றாள் தாய். படிவத்தில் அந்தப் பதிலை எழுத ஒரு கட்டம் இல்லை. 'இல்லை' என்று எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார்.

எழுத்தில் எஞ்சியதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எழுதியவர்களால்தான் இன்று நாங்கள் 158 என்று எண்ணிக்கை சொல்ல முடிகிறது. அன்றே முகாமை நடத்திய பல்கலைக்கழகத்தார் கொண்டுபோகப்பட்டவர்களின் விபரத்தைத் திரட்டினார்கள். அவர்களில் ஒருவரான, பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த த. ஜெயசிங்கம், ஓய்வுபெற்ற நீதிபதி கே. பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழுவின் முன்னால் சாட்சியம் சொன்னார். வடக்கு, கிழக்கில் காணாமற்போனோரை விசாரிக்க 1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க நியமித்த ஆணைக்குழு அது. தாய்மாரும் மனைவிமாரும் வந்து நேருக்கு நேர் சொன்னார்கள். ஆணைக்குழு கேட்டது, நம்பியது, பதிந்தது, 1997இல் அறிக்கையை ஜனாதிபதியிடம் கையளித்தது. அரசாங்கம் தானே நியமித்த நீதிபதி, தானே கொடுத்த முத்திரையின் கீழ், வந்தாறுமூலைச் சனம் சொன்னது உண்மை என்று எழுதிக் கொடுத்தார். இதைவிட ஒரு அரசாங்கத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? அந்த அறிக்கை கையில் இருந்தும் இன்றுவரை ஒருவர்மேலும் வழக்கு நடந்து தண்டனை வரவில்லை. அறிக்கை எழுதியவர்களைப் போற்றுகிறேன். அதை வாங்கி வைத்தவர்களுக்கு என் போற்றுதலில் பங்கில்லை.

வழக்கு நடக்கவே முடியாத காரியம் என்று நினைக்காதீர்கள். சட்டம் எழும்பினால் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் கிருசாந்தி குமாரசுவாமி 1996 செப்டெம்பரில் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டு ஆண்டுக்கும் குறைவு. தெற்கில் எம்பிலிப்பிட்டியவில் 1989, 1990 காலத்தில் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டார்கள். 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் அதிபர் ஒருவருக்கும் படையினருக்கும் பத்து ஆண்டுச் சிறை கொடுத்தது. இந்த இரண்டு வழக்கையும் நடத்தியதும் இதே சட்டக்கோவைதான். புதிதாக ஒரு சட்டமும் வேண்டியிருக்கவில்லை. எம்பிலிப்பிட்டியவுக்குப் போன சட்டத்துக்கு வந்தாறுமூலைக்கு வழி தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வவுனியாவையும் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்த கணவன்மாரைக் காட்டும்படி அனந்தி சசிதரன் உட்படப் பெண்கள் 2013இல் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே ஆளைக் காட்டு என்று கேட்கும் மனுவுக்கு ஒன்பது ஆண்டு. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன், அதைவிட அந்தப் பெண்களை மதிக்கிறேன். ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறிப் போய் நின்றபடியால்தான் ஒரு நீதிபதி தீர்ப்பு எழுத வேண்டி வந்தது.

எங்கள் மட்டக்களப்புச் சனத்துக்கு நீதி என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, குளிர்த்தி பாடி முடிக்கிறவர்கள் நாங்கள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் அரசன் வாசலுக்கே போய், கையில் தடயத்தோடு நின்று, தன் மொழியில் வழக்குச் சொன்னாள். அரசன் அன்றைக்கே கேட்டான். அவள் தடயத்தை உடைத்துக் காட்டியதைப் பார்த்தான். பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டான். அந்தக் கதையைப் பரம்பரை பரம்பரையாகக் கேட்டு வளர்ந்த சனத்துக்கு நியாய உணர்வு குறைவில்லை. குறைவாக இருப்பது நடைமுறை அறிவு. அதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தரவில்லை.

இந்தக் குறைவின் விலை என்னவென்று பார்க்க, ஒரு காலை எந்த நீதவான் நீதிமன்றத்திலாவது போய் இருந்து பாருங்கள். வெளியே மர நிழலில் சனம் காத்துக்கொண்டு நிற்கும். பொலிஸ்காரர் வாசலில் வந்து பேரை மூன்று தரம் கூப்பிடுவார். மீன்பிடிக்கப் போய் வந்த கோலத்தை மாற்றி, வெள்ளைச் சேட்டு இரவல் வாங்கிப் போட்ட ஒருவர் அவசரமாக உள்ளே போய்க் கூண்டில் ஏறிக் கைகட்டி நிற்பார். சட்டத்தரணி எழும்பி ஏதோ சொல்வார். நீதவான் ஏதோ எழுதுவார். ஒரு திகதி சொல்லப்படும். அவ்வளவுதான். வெளியே வந்தவரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டால், "தெரியா, பதினெட்டாந் திகதி வரட்டாம்" என்பார். வழக்கு அவருடையது. பிணை அவருடையது. நடந்தது மட்டும் அவருக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். வேறு இடத்து மன்றத்தில் மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பைக் கேட்டுப் பெற அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவை உண்டாக்கியது. மட்டக்களப்பிலும் அதன் நிலையம் இருக்கிறது. எல்லைத் தகராறு, சிறு கடன், வாய்ச்சண்டை போன்றவற்றுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணியும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. எந்த அரச அலுவலகத்திலும் என் கோவைக்கு என்ன நடந்தது என்று எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம், தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லச் சொல்கிறது. ஒன்றும் குறைவில்லை. இவ்வளவையும் வைத்திருக்கிற நாடு, பத்தாண்டுக்கு மேல் பாடசாலையில் இருக்கிற பிள்ளைக்கு முக்கோணத்தின் பரப்பைச் சொல்லிக்கொடுக்கிறது; பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதில்லை. உரிமையைக் கொடுத்துவிட்டு அதன் பேரைச் சொல்லாமல் விடுவதும் பறிப்பதில் ஒரு வகை.

அதனால் சிலவற்றையாவது இங்கேயே சொல்லிவைக்கிறேன். வீட்டுக்கு ஆள் வந்து பிடித்தால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். அதைச் சொல்வது அவர்களுடைய தயவு அல்ல, கடமை. எந்த நிலையம், யாருடைய பொறுப்பு, வாகன இலக்கம் என்ன என்பதை அப்போதே எழுதுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் பிடித்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று நீங்களே ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு சொன்னால் அதை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, அதன்பின்தான் கையொப்பம் கேட்க வேண்டும். வாசிக்காத தாளில், விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். உரிமை மீறப்பட்டால் அன்றைய திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிடுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போய்விட வேண்டும். வசதியில்லாதவர் எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்க உயர் நீதிமன்ற விதிகளில் இடம் உண்டு. கோட்டுக்குப் போனால், வெளியே வந்ததும் சட்டத்தரணியை மறித்து மூன்று கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு என்ன நடந்தது, அடுத்த தவணைக்கு என்ன நடக்கும், நான் என்ன கொண்டுவர வேண்டும். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பதில் உங்களுக்கு உரியது.

கடைசியாக, சட்டத்தின் ஞாபகசக்தியைப் போற்றி முடிக்கிறேன். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு குற்றங்களுக்குக் காலவரையறை சொல்கிறது. பொதுவாக 20 ஆண்டு கழிந்தால் வழக்குத் தொடர முடியாது. கடத்தல், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் என்பவை அந்தக் கணக்குக்குள் வருபவை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதிக்கு 2010 செப்டெம்பர் 5ஆம் திகதி 20 ஆண்டு. அந்த 20 ஆண்டும் சட்டம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது. நான்கு ஜனாதிபதிகள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். சட்டமா அதிபர்கள் மாறி மாறி வந்தார்கள். 1997 முதல் அறிக்கையும் இருந்தது. அதே 2010ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது: 19ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம் என்றது. யார் கடத்தினார் என்று கேட்கிற கெடு முடிந்த ஆண்டில், இறந்தார் என்று எழுதிக்கொடுக்கிற ஏற்பாடு வந்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். பென்சனுக்காக, காணி உறுதிக்காக, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வேறு வழியின்றி வாங்கியவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் வாய் இல்லை. 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் அரசாங்கம் எழுதித்தரும் சான்றிதழையும் சேர்த்தார்கள். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஆளைக் காணாமலாக்குவதையே 20 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றது. நல்ல சட்டம். இனிமேல் நடப்பதற்கு.

ஆனால் அந்த 456ஆம் பிரிவின் முதல் வரியை எழுதியவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன். கொலைக்கு எவ்வளவு காலம் கழிந்தாலும் வழக்குத் தொடரும் உரிமை அற்றுப்போகாது என்கிறது அது. 158 பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் காட்டுங்கள். இல்லை என்றால் அது கொலை. கொலை என்றால் கெடு முடியவில்லை. சாட்சியம் பதியப்பட்டிருக்கிறது. ஆணைக்குழு அறிக்கை அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு செப்டெம்பர் 5ஆம் திகதியும் குடும்பங்கள் அதே வளாகத்தடியில் வந்து நின்று கேட்கின்றன. வழக்குத் தொடர வேண்டியவர் சட்டமா அதிபர். அந்த அதிகாரத்தை அவருக்குத் தந்ததும் இதே சட்டம். சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்திருந்தால், ஒரு பிரிவு விடுபட்டுப் போயிருந்தால், அவருக்கும் அவருக்கு முன் இருந்தவர்களுக்கும் சொல்ல ஒரு சாட்டு இருந்திருக்கும். எங்கள் சட்டம் அந்தச் சாட்டை எவருக்கும் மிச்சம் வைக்கவில்லை. அதன் பெரிய புகழ் அதுதான்.